ஜொசெட் பிடிச்ச மீன்

பூட்டைப் பார்க்கிறீங்கள். வாற ஆக்கள் எல்லாரும் முதல் அதைத்தான் பார்க்கிறவை. மீன் வைக்கிற ஃப்ரீசருக்கு ஆமைப்பூட்டுப் போட்ட மோட்டல் இந்த ஒன்ராறியோவிலயே இது ஒண்டாத்தான் இருக்கும். சாவி என்னட்ட இல்லைத் தம்பி, என்ர மனிசியிட்ட. மோட்டல் என்ர பேரில, எல்லா அறைச் சாவியும் என்ர இடுப்பில, ஆனா இந்த ஃப்ரீசரைத் திறக்க எனக்கு உத்தரவில்லை.

இருங்கோ, இருங்கோ. எங்க போகப்போறீங்கள்? உங்கட காரை இழுத்துக்கொண்டு போனவன் நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னம் தரமாட்டான். இந்த மாதத்தில மான் அடிச்ச கார்தான் அவனுக்குச் சீவியம், ஆறுதலாத்தான் செய்வான். தேத்தண்ணியைக் குடியுங்கோ. நான் கதையைச் சொல்லுறன், நியாயம் ஆற்ற பக்கம் எண்டு நீங்களே சொல்லுங்கோ. வெளி ஆள் ஒருத்தர் சொன்னாத்தான் அவவுக்கும் விளங்கும்.

இந்த டோரன் லேக் எண்ட ஊருக்கு மூண்டு வயிறு. ஒரு பக்கம் மரமில், மற்றப் பக்கம் தங்கச் சுரங்கம், நடுவில ஏரி. மில் மூடினா சுரங்கம் திறக்கும். சுரங்கம் மூடினா மில் திறக்கும். ரெண்டும் மூடினா அமெரிக்கன் மீன் பிடிக்க வருவான். அதால மோட்டல் எப்பிடியும் ஓடும் எண்டு கணக்குப் போட்டுத்தான் ரொறன்ரோவை விட்டுட்டு வந்தனாங்கள். அங்க எல்லாரும் சிரிச்சவை. சபாநாதன் காட்டுக்குப் போறான், கரடிக்குக் கடை வைக்கப்போறான் எண்டு. சிரிக்கட்டும். ஆனா ஒண்டு உண்மை. தமிழ் ஆக்கள் எண்டு இஞ்ச நானும் ரஞ்சிதமும்தான். நான் ஒரு கதைக்காரன், பாத்தீங்கள்தானே. எனக்கு ஆள் வேணும்.

அந்த ஆள்தான் லூசியன். பிரெஞ்சுக்காரன், மில்லில மரம் அறுத்து ஓய்வெடுத்தவன். கோடையில என்ர விருந்தாளிகளைப் படகில ஏத்திக்கொண்டு போய் மீன் நிக்கிற இடம் காட்டுவான். மாரியில தன்ர ட்ரக்கால என்ர முத்தத்தில கொட்டிற பனியை, இஞ்ச சினோ எண்டுவம், தள்ளுவான். பின்னேரமானா உள்ள வந்து, அந்தா, அந்த மேசைக்குப் பக்கத்துக் கதிரையில இருப்பான். நான் கதைப்பன், அவன் கேட்பான். நல்லாக் கேட்பான். அவனைப்போல என்னை விளங்கின ஒரு ஆள் இந்த ஊரில இல்லை. என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவான், மறுத்து ஒரு சொல்லுச் சொல்லமாட்டான்.

ஒரே ஒரு விசயத்திலதான் எனக்கும் அவனுக்கும் ஒத்துவராது. இவங்கள் மீனைப் பிடிச்சுப்போட்டுத் திருப்பி விடுவாங்கள். நான் பொய் சொல்லேல்லை. எங்கயோ இருந்து படகையும் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, ஒரு கிழமை மழையில நனைஞ்சு, ஒரு நல்ல மீனைப் பிடிச்சு, கட்டிப்பிடிச்சுப் படம் எடுத்துப்போட்டுத் தண்ணியில விடுவாங்கள். பொம்பிளை பாக்க வந்து பலகாரமும் திண்டிட்டு வேண்டாம் எண்டு போறமாதிரி. லூசியனிட்டக் கேட்டனான், தின்னாத மீனை ஏன் பிடிப்பான் எண்டு. அவன் தலையை ஆட்டினான்.

அவன்ர பெண்சாதி ஜொசெட். எங்கட அறையெல்லாம் துப்பரவாக்க வாறவ. அவவும் ரஞ்சிதமும் கட்டில் விரிப்பு மடிக்கிற நேரம் அந்த அறையில இருந்து ஒரே சிரிப்புச் சத்தமாத்தான் வரும். அவவுக்குத் தமிழ் தெரியாது, இவவுக்குப் பிரெஞ்சு தெரியாது, ரெண்டு பேருக்கும் இங்கிலீசும் மட்டுமட்டு. என்னத்துக்குச் சிரிக்கிறீங்கள் எண்டு கேட்டா ரெண்டு பேரும் என்னைப் பார்த்து இன்னும் சிரிப்பினம். மற்றவையின்ர சந்தோசத்தில நான் தலையிடுறதில்லை.

புருசன் ஊருக்கே மீன் காட்டுறவன், ஆனா ஜொசெட் வாழ்நாளில தூண்டில் தொட்டதில்லை. போன வருசம் வயித்தில புற்று எண்டு சொல்லிப்போட்டினம். அந்தக் கோடையில ஒரு நாள் தானாக் கேட்டிருக்கிறா, என்னையும் படகில கூட்டிக்கொண்டு போ எண்டு. போன முதல் நாளே அவவின்ர தூண்டில்ல ஒரு பிக்கரல் கொழுவிச்சுது. பிக்கரல் தெரியும்தானே, கண்ணாடிக் கண்ணும் பல்லும், சதை வெள்ளையா இருக்கும். என்ர கை நீளம் மீன். ஊரே இறங்குதுறைக்கு வந்து பாத்தது. மில்லில இருந்துகூட ஆக்கள் சாப்பாட்டு நேரத்தில ஓடி வந்தவை. ஜொசெட் ஒரு தொப்பியோட மெலிஞ்சுபோய் நிண்டா, லூசியன்தான் அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிண்டவன். அவன் அப்பிடிப் பல்லுத் தெரியச் சிரிச்சதை நான் அதுக்கு முன்னம் பாக்கேல்லை.

பிறகு அதை ஈரத் துவாயால சுத்தி, உறையில போட்டு, என்னட்டக் கொண்டுவந்தான். அவன்ர ஃப்ரீசர் நிறைய மூஸ் எண்ட பெரிய காட்டுமான் இறைச்சியாம். "சாபா, இதை எனக்காக வைச்சிரு" எண்டான். அவ்வளவுதான் சொன்னவன். ஏன் எண்டு சொல்லேல்லை. நீங்களே சொல்லுங்கோ தம்பி, ஒருத்தன் மீனை ஏன் வைப்பான்? தின்னத்தானே?

இலை கொட்டிற காலத்தில ஜொசெட் மோசம்போயிட்டா. செத்தவீட்டுக்கு நான் கோட்டுப் போட்டுக்கொண்டு போனனான். தேவாலயத்தில ரெண்டு பாட்டு, பிறகு கீழ்மண்டபத்தில பன்றி இறைச்சிச் சான்ட்விச், கோப்பி. சனம் நிண்டு பழைய பகிடியெல்லாம் சொல்லிச் சிரிக்குது. தலையில அடிச்சு அழ ஒருத்தர் இல்லை. அடுத்த நாள் மில்லுக்காரன் மில்லுக்கும் சுரங்கக்காரன் சுரங்கத்துக்கும் போயிட்டான். லூசியன் வழமைபோல வந்து அந்தக் கதிரையில இருந்தான். நான்தான் கதைச்சன்.

எனக்கு மனம் கேக்கேல்லை. ஒரு சீவன் போயிருக்கு, எட்டு இல்லை, முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி இல்லை, ஒண்டுமே இல்லை. எங்கட ஆக்கள் எட்டாம் நாள் என்ன செய்வினம்? செத்தவருக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சுப் படைப்பினம், மீன், இறைச்சி, குடிக்கிறவர் எண்டா அதுவும். அந்தச் சீவன் பசியோட வாசல்ல நிக்கும் எண்டுதானே? வெள்ளைக்காரி எண்டா பசிக்காதோ? அப்ப ரஞ்சிதம் இஞ்ச இல்லை. மகளின்ர பிள்ளைப்பெறு பாக்க ரொறன்ரோ போயிட்டா, செத்தவீட்டுக்கும் வரேலாமப் போச்சு. அதால முழுப் பொறுப்பும் என்ர தலையில.

ஃப்ரீசரைத் திறந்தன். துவாயைச் சுத்திக்கொண்டு அந்த மீன் கிடக்குது. பாத்த உடன எனக்குக் கண் கலங்கிப்போச்சு தம்பி. மனிசி தன்ர கையால பிடிச்ச ஒரே ஒரு மீன். அவவின்ர எட்டுக்கு இதைவிட வேற என்ன வேணும்? கடவுள்தான் வைக்கச் சொல்லியிருக்கிறார் எண்டு நினைச்சன்.

பெரிய மீனுக்கு எவ்வளவு பழப்புளி விடுறது எண்டு தெரியேல்லை. ரஞ்சிதத்துக்குப் போன் எடுத்தன். "எந்த மீன்?" எண்டு கேட்டா. "ஃப்ரீசரில கிடந்த பெரிய மீன்" எண்டன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்தக் காட்டுக்க போன் அடிக்கடி இப்பிடித்தான் கெடும். வைச்சுப்போட்டன். அவ திரும்பத் திரும்ப எடுத்தவதான், ஆனா என்ர கை முழுக்கச் செதில், நான் எடுக்கேல்லை. புளியை ஒரு மட்டத்துக்கு விட்டன். தகரத் தேங்காய்ப்பால், எங்கட தூள், வெந்தயம், கடைசியில கறிவேப்பிலை. வடிவா வந்தது. என்ர கைப்பக்குவத்தை நானே சொல்லக்கூடாது.

இந்த மேசையிலதான் படைச்சன். தேவாலயத்தில தந்த அட்டையில ஜொசெட்டின்ர படம் இருந்தது. அதை வெட்டி நிமிர்த்தி வைச்சு, ஒரு சந்தனப் பொட்டும் வைச்சு, விளக்குக் கொளுத்தினன். வாழையிலைக்கு எங்க போறது, அலுமினியத் தாள்தான். அவவுக்கு ஒரு பங்கு. ஒரு பிடி வெளியில காகத்துக்கு. இஞ்சத்தைக் காகம் கோழியளவு, ஒரு பிடி அதுக்குக் காணாது, அது வேற கதை.

லூசியனை வரச் சொல்லியிருந்தன். வந்தான். விளக்கைப் பாத்தான், படத்தைப் பாத்தான். தொப்பியைக் கழட்டினான். நான் எட்டு எண்டா என்னெண்டு விளங்கப்படுத்தினன், அவளுக்குச் சாப்பாடு வைச்சிருக்கிறன், நீயும் இருந்து சாப்பிடு எண்டன். மனிசன் என்னைக் கட்டிப்பிடிச்சுப்போட்டான் தம்பி. செத்தவீட்டில அழாதவன் என்ர தோளில அழுதான். இந்தச் சீமைக்கு வந்து நான் செய்த ஒரே ஒரு நல்ல காரியம் இதுதான் எண்டு அப்ப நினைச்சன்.

தலையை அவனுக்கு வைச்சன். எங்கட வழக்கத்தில தலை ஆருக்குப் போகும்? மதிப்பான ஆளுக்குத்தானே. முதல் ரெண்டு வாய் திண்டான். உறைப்பில இருமினான். நல்லாயிருக்கு எண்டு தலையை ஆட்டினான். பிறகு முள்ளுக்கரண்டியால அந்தத் தலையை மெல்லமாப் பிரட்டினான். வாயில தூண்டில் கிழிச்ச இடம் ஒண்டு இருந்தது. அதைப் பாத்தபடியே இருந்தான்.

"சாபா, இந்த மீன் எங்க எடுத்தனி?"

நான் பெருமையாச் சொன்னன். "உன்ர மனிசியின்ர மீன்தான். அவளின்ர நாளுக்கு அவளின்ர மீன்."

போன் ஒண்டு அடிச்சுக்கொண்டே இருக்குது, ரஞ்சிதம்தான். அவன் கரண்டியை வைச்சான். படத்தைப் பாத்தான். நான் நினைச்சன் வயிறு நிறைஞ்சிட்டுதாக்கும் எண்டு. பிறகு அந்த மனிசன், என்னோட இவ்வளவு வருசம் சாப்பிட்டு ஒரு நாளும் கையால தொடாதவன், கையை வைச்சான். தலையை உடைச்சுச் சப்பினான். கன்னத்துச் சதை, கண், ஒண்டும் விடேல்லை. எங்கட ஆக்களே அப்பிடித் துப்பரவாத் தின்னமாட்டினம். இன்னொரு துண்டு வைச்சன், திண்டான். இன்னொண்டு வைச்சன், அதையும் திண்டான். கண்ணால தண்ணி ஓடுது. நான் தூளைக் கொஞ்சம் கூடத்தான் போட்டிட்டன்.

எல்லாம் முடிஞ்ச பிறகு சொன்னான், "அவள் இதைத் திருப்பி விடச் சொன்னவள். படகில வைச்சு என்னைக் கெஞ்சினவள். நான்தான் விடேல்லை."

அவனுக்கு ஏதும் ஆறுதலாச் சொல்லவேணும் எல்லே? நான் சொன்னன், "நல்லகாலம் விடேல்லை. விட்டிருந்தா இண்டைக்கு என்னத்தைப் படைக்கிறது?"

எழும்பினான். தன்ர கோப்பையைத் தானே கழுவிக் கவிட்டு வைச்சான். போனான். அண்டைக்குப் போனவன் இந்த வாசல்படி மிதிக்கேல்லை. ஒரு வருசம். வயிறு நிறையச் சாப்பிட்டவன் ஒரு நன்றி சொல்லேல்லைத் தம்பி. நல்லதுக்குக் காலமில்லை எண்டு சும்மாவா சொன்னவை?

பிறகு ஒரு நாள் ஒருத்தன் போன் எடுத்தான். தான் மீனைப் பாடம்பண்ணுறவன், செத்த மீனைப் பலகையில அடிச்சுச் சுவரில மாட்டுற வேலையாம். லூசியனுக்கு ஒரு மீன் செய்ய ஒத்துக்கொண்டவனாம், மீன் மோட்டலில இருக்கு எண்டு அவன் முந்தியே சொன்னவனாம், பலகைகூடச் செய்து ஜொசெட்டின்ர பேரும் வெட்டிப்போட்டானாம், எப்ப வந்து எடுக்கலாம் எண்டான். நான் உண்மையைச் சொன்னன், அது சாப்பிட்டு முடிஞ்சுது, நல்ல மீன் எண்டு. அவன் முதல் சிரிச்சான். பிறகு சிரிக்கேல்லை.

இந்த ஊரில சுவர் சுவராத் தொங்கிற மீனெல்லாம் பிளாஸ்டிக் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான். ஆரும் சொன்னாத்தானே தெரியும்? வாயைத் திறந்து ஒரு சொல்லு, சாபா, இது சுவருக்கு எண்டு. சொல்லேல்லை. அப்ப பிழை ஆரில? இருந்தாலும் நான் மனிசத்தன்மை உள்ளவன். இரும்புக்கடையில ஒரு பிளாஸ்டிக் மீன் கண்டன், பலகையோட. பித்தானை அமத்தினா வாலை ஆட்டிப் பாடும். சீவன் இல்லாத மீனுக்குப் பதிலாப் பாடுற மீன். பட்டு நாடா கட்டி அவன்ர கதவுப்பிடியில கொழுவிப்போட்டு வந்தனான். அதுக்கும் ஒரு நன்றி இல்லை.

ரஞ்சிதம் பேரப்பிள்ளையைப் பாத்திட்டு வந்தவ, பெட்டியை வைக்க முன்னம் ஃப்ரீசரைத் திறந்து பாத்தா. அவ ஒண்டும் சொல்லாட்டில் எனக்குப் பயம். அடுத்த நாள் பூட்டு வந்தது. லூசியன்ர வீட்டுக்குத் தனியப் போனவ. கனநேரத்தால வந்தா, முகமெல்லாம் வீங்கிக் கிடந்தது. என்ன கதைச்சனீங்கள் எண்டு கேட்டன். "ஒண்டும் கதைக்கேல்லை" எண்டா. கதைக்காம இவ்வளவு நேரம் என்னத்தைச் செய்யிறது? எனக்கு விளங்கேல்லை.

அவன் கெட்டவன் இல்லைத் தம்பி, அதுதான் எனக்கு இன்னும் எரியுது. கெட்டவன் எண்டா விட்டுட்டு இருக்கலாம். மாரி முழுக்க விடிய எழும்பிப் பாத்தா முத்தத்துச் சினோ துப்பரவாக் கிடக்கும், ஆள் இருக்கமாட்டான். கோடையில விருந்தாளிகளை இறங்குதுறையில வைச்சே ஏத்திக்கொண்டு போவான். என்னைக் கண்டா கை காட்டுவான். கை காட்டுறது வேற, வந்து கதிரையில இருக்கிறது வேற. பின்னேரத்தில எனக்குக் கதைக்க ஆளில்லை. ரஞ்சிதத்தோட கதைக்கலாம்தான், ஆனா அவ மறுமொழி சொல்லுவா.

போன கிழமை ஜொசெட்டின்ர திவசம். பஞ்சாங்கக் கலண்டரில திதி பாத்து நான்தான் குறிச்சு வைச்சனான். இந்த முறை மரக்கறிதான் சமைச்சன், ஆருக்கும் சொல்லேல்லை. விளக்குக் கொளுத்தி, படைச்சு, இந்த மேசையில தனிய இருந்து சாப்பிட்டன். சோறு இறங்கேல்லை. அவன் இருந்திருக்கலாம்.

இண்டைக்கு மத்தியானம், நீங்கள் வாறதுக்குக் கொஞ்சம் முன்னம், கதவு திறக்குது. பாத்தா லூசியன். கையில ஒரு பிக்கரல். சின்னன், ஒரு சாண் வருமோ வராதோ, குடல் எடுத்துக் கழுவினது. என்னைத் தாண்டி நேர ரஞ்சிதத்திட்டப் போய் அதை நீட்டினான். "இண்டைக்கு ஜொசெட்டின்ர நாள். அண்டைக்குச் சாபா செய்ததுபோலக் கறி வைச்சுத் தருவியோ? பின்னேரம் வாறன்" எண்டான்.

மனிசன் தன்ர பெண்சாதி செத்த நாளையே பிழையாச் சொல்லுறான் பாருங்கோ. நான் உடன சொன்னன், திதிப்படி அது போன கிழமையே முடிஞ்சுது, நான் எல்லாம் செய்திட்டன், நீ பிந்திப்போனாய் எண்டு. ரஞ்சிதம் என்னைத் திரும்பிப் பாத்தா. "இஞ்சாருங்கோ, நீங்கள் போய்க் கதிரையைத் துடையுங்கோ" எண்டா. லூசியன் என்னைப் பாத்துத் தலையை ஆட்டினான். பழையமாதிரி.

கடைசியில அவன்தான் இறங்கி வந்திருக்கிறான். என்ன செய்யிறது, நானும் மன்னிச்சிட்டன். மனசில வைச்சுக்கொண்டு இருக்கிற ஆள் நான் இல்லை. மீன்தான் கொஞ்சம் சின்னன், நாலு பேருக்குக் காணாது. அதைப்பற்றி ஒரு சொல்லுச் சொன்னா இரவு சாப்பாடு இல்லை எண்டு ரஞ்சிதம் சொல்லிப்போட்டா. அவன்ர மீன், அவளின்ர நாள், நான் வாயே திறக்கக்கூடாதாம். ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு ஆள் வாறான், நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறதாம்.

அந்தா, அவன்ர ட்ரக் திரும்புது. கோட்டுப் போட்டிருக்கிறான், பாத்தீங்களே? தம்பி, நீங்களும் எங்களோட சாப்பிடுறீங்கள், இஞ்ச என்ர பக்கத்தில இருங்கோ. ரஞ்சிதம் அடுப்படியில நிப்பா, அவவுக்கு என்ர கால் எட்டாது. நான் மீனைப்பற்றியோ திதியைப்பற்றியோ வாயைத் திறந்தா, மேசைக்குக் கீழால என்ர காலை மிதியுங்கோ. பலமா மிதியுங்கோ. மெல்லமாச் சொன்னா எனக்கு விளங்கிறதில்லை.